பழைய எம்எக்ஸ்-5 காரில் கிளட்சும் ஃப்ளைவீலும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1990-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று, பிறகு பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்த வண்டி. 1989 முதல் 1997 வரை வந்த இந்த முதல் தலைமுறை வண்டிகளை இங்கே வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. கிளட்ச் விஷயத்தில் அவர்கள் போனில் கேட்பதும் நேரில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். என் வண்டியில் இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது; நண்பர்கள் வண்டிகளுக்கும் கை கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணா, கிளட்ச் எது, ஃப்ளைவீல் எது? ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் வேறு வேறு, ஆனால் ஒட்டிக்கொண்டே இருப்பவை. எஞ்சின் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆறு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் கனமான இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல். இந்த வண்டியில் அது சுமார் 8 கிலோ இருக்கும். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட் படிகிறது. பிளேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கிளட்ச்; எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பதும் நிறுத்துவதும் அதன் வேலை. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் நகர்ந்து, பிரஷர் பிளேட்டின் நடுவில் விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளும். பிடி விட்டுவிடும்.

பிளேட்டின் ஒரு பக்கம் பிரஷர் பிளேட்டோடு உரசுகிறது, இன்னொரு பக்கம் ஃப்ளைவீலோடு. அதனால் பிளேட் தேயும்போது ஃப்ளைவீலின் முகமும் கூடவே அடி வாங்குகிறது.

"கிளட்ச் தேஞ்சுடுச்சுன்னு எப்படி உறுதியா தெரிஞ்சுக்குறது?"

ஆளில்லாத நேரான சாலையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நாலாவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். சுற்று முள்ளும் வேக முள்ளும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. சுற்று முள் மட்டும் சட்டென்று மேலே ஓடி, வேகம் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. மேடேறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பப் பார்த்தால் அந்தச் சூட்டிலேயே மிச்சமிருக்கும் பிளேட்டும் ஃப்ளைவீலும் கெட்டுப்போகும்.

கருகிய நாற்றமும் ஓர் அடையாளம்தான். ஆனால் நாற்றத்தை மட்டும் நம்பிக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். எஞ்சின் ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டினாலும் கருகல் வாடை வரும்.

"காலையில ஃபர்ஸ்ட் கியர் விழவே மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். கிளட்ச் போச்சுதானே?"

அநேகமாக இல்லை. மேலே சொன்னது கிளட்ச் பிடிக்காத கதை. இது கிளட்ச் விடாத கதை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். இந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக், அதாவது மிதிக்கும் அழுத்தத்தைத் திரவம் கொண்டுபோகிறது. பெடலுக்கு மேலே திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் அதை வாங்கிக் கிளட்சை நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டர். ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் போய் ஒழுகுவது இந்த வண்டிகளில் மிகச் சாதாரணம். பெடலை நாலைந்து முறை அடித்த பிறகு கியர் விழுகிறது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வண்டிக்கு அடியில் போய், ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் உள்ள ரப்பர் உறையை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. கறுப்பாகத் திரவம் வழிந்தால் அதுதான் காரணம். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய ஸ்லேவுக்குப் பதில் புதியது போட்டதும் மாஸ்டரின் பழைய சீல் விட்டுக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

"பெடலை மிதிச்சா ஒரு சத்தம், விட்டா ஒரு சத்தம். எது எங்கேர்ந்து வருது?"

நியூட்ரலில், பெடலில் கால் வைக்காமல் கேளுங்கள். அப்போது 'கொர்' என்ற ஓசை இருந்து, பெடலை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அது கிளட்ச் வேலையில் தீராது. மாறாக, லேசாக மிதித்ததுமே சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பைலட் பேரிங் என்று ஒரு சின்ன பேரிங் ஃப்ளைவீலின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது அதுதான். ஃப்ளைவீலும் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றும்போது அதற்கு வேலையே இல்லை. கியரில் போட்டுப் பெடலை முழுக்க மிதித்துச் சிக்னலில் நிற்கிறீர்களே, அப்போதுதான் அது சுற்றும். அந்த நேரத்தில் மட்டும் கீச்சிட்டால் பைலட் பேரிங் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"கியர்பாக்ஸை இறக்காம பிளேட்டை மட்டும் மாத்த முடியாதா?"

முடியாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மாட்டியிருப்பதை வேறு வழியில் எடுக்க இயலாது. கேட்பவர்கள் மனதில் இருப்பது செலவுதான், அது எனக்குப் புரிகிறது. பிளேட்டின் விலை சின்னது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரியது. அதனால்தான் இறக்கிய பிறகு கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை ஒரு வொர்க்ஷாப்பில் விட்டேன். பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் புதிது போட்டார்கள். ஃப்ளைவீலைத் தொடவில்லை, பைலட் பேரிங்கைத் தொடவில்லை. அவர்கள் சொல்லவும் இல்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. ஏழு மாதத்தில் மேலே சொன்ன அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது. ஒரு டீ செலவுக்குச் சற்று மேலே ஆகும் பேரிங்குக்காக மறுபடியும் முழு வேலை. இரண்டாம் முறை நானே இறங்கிச் செய்தேன்.

"வீட்டிலேயே செய்யலாமா? எத்தனை நேரம் ஆகும்?"

பிரேக், கிளட்ச் ஹைட்ராலிக் வேலைகளைத் தன் கையால் செய்து பழகியவர் என்றால், கூட ஓர் ஆள் இருந்தால், செய்யலாம். முதல் தடவை என்றால் சனி, ஞாயிறு இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். திங்கள்கிழமை வேலைக்குப் போக அதே வண்டியை நம்பியிருக்க வேண்டாம்.

வண்டியை நான்கு ஸ்டாண்டிலும் சமமாக நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். கியர்பாக்ஸ் முப்பது கிலோவுக்கு மேல். அதை மார்பில் தாங்கி இறக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். கியர்பாக்ஸ் ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும். பேட்டரி இந்த வண்டியில் டிக்கியில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால், முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றுங்கள். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவதால் எக்ஸாஸ்ட் நட்டுகள் துருவேறி ஒட்டியிருக்கும். இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

இன்னொன்று. உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பிளேட்டில் உரசும் பட்டைக்கு லைனிங் என்று பெயர்; பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

"என்னென்ன சாமான் வாங்கி வைக்கணும்?"

கிளட்ச் கிட் ஒன்று: அதில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இருக்கும். பெரும்பாலும் பைலட் பேரிங்கும், பிளேட்டை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் கருவியும் சேர்ந்தே வரும். பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸிடி, சாக்ஸ், லூக் மாதிரி பெயர் தெரிந்த தயாரிப்பாக இருக்கட்டும். அப்புறம் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள், கியர்பாக்ஸ் ஆயில் 2 லிட்டர். ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 ரகம்.

1.6 லிட்டர் எஞ்சினுக்கு 200 மில்லிமீட்டர் கிளட்ச், 1.8-க்கு 215 மில்லிமீட்டர். முப்பது வருட வண்டியில் முன்பு யார் எதை மாற்றினார்கள் என்பது தெரியாது. 1.8-இன் ஃப்ளைவீலும் கிளட்சும் ஜோடியாக 1.6-இல் உட்காரும் என்பதால், அப்படி மாற்றிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. கழற்றி அளந்து பார்க்கும் வரை கிட் பெட்டியின் சீலைப் பிரிக்காமல் வைத்திருங்கள், தவறாக இருந்தால் திருப்பித் தரலாம்.

"ஃப்ளைவீல் பார்க்க நல்லாத்தானே இருக்கு. அதை ஏன் கழட்டணும்?"

டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் பளபளப்பு மட்டும்தான் தெரியும். என்னுடையதைச் சாய்த்துப் பார்த்தபோது, வெள்ளி நிற வளையத்தில் காசு அளவுக்கு மூன்று நீலப் புள்ளிகள், அதில் ஒன்றைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல்கள். விரல் நகத்தை வெளிப்பக்கமிருந்து உள்ளே இழுத்தால் பிளேட் படியும் இடத்தில் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. கழற்றிய பிளேட்டில் ரிவெட்டின் தலை லைனிங்கோடு சமமாக வந்திருந்தது. லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் 0.3 மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும் என்பது மாஸ்டாவின் கணக்கு. இதற்கு மேல் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ரிவெட்டே ஃப்ளைவீலைக் கீறித் தள்ளியிருக்கும்.

அந்த நீலப் புள்ளி வெறும் நிறம் இல்லை. சூடாகிச் சட்டென்று ஆறியதில் அந்த இடத்து இரும்பு இறுகிவிட்டது. லேத்தில் போட்டு உளியால் சீவினால், உளி மென்மையான இடத்தைச் சீவிவிட்டு இறுகிய இடத்தில் எகிறும். அங்கே ஒரு மேடு நிற்கும். அதனால் கல்லால் அரைக்கும் இயந்திரம் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். விரிசல் மயிரிழையாக, மேலோட்டமாக இருந்தால் அரைத்ததும் போய்விடும். போகவில்லை என்றால், அல்லது விரிசல் போல்ட் துளைப் பக்கம் ஓடினால், அந்த ஃப்ளைவீல் வேண்டாம். நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும் எஞ்சின் இது. உடைந்த ஃப்ளைவீல் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள், அது உங்கள் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கழற்றியதும் ஓரத்தில் உள்ள பல்சக்கரத்தையும் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் பற்கள் அவை. எஞ்சின் வழக்கமாக ஒன்றிரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், அதனால் அந்த இடத்துப் பற்கள் மட்டும் மழுங்கியிருக்கும். கழற்றினால்தான் பைலட் பேரிங்கையும் பின்னாலிருந்து சுலபமாகத் தட்டி எடுக்க முடியும், ஆயில் சீலையும் எட்ட முடியும். இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

"லேசான ஃப்ளைவீல் போட்டா வண்டி பறக்கும்ங்கறாங்களே?"

8 கிலோவுக்குப் பதில் 4 கிலோ அளவில் கிடைக்கிறது. எஞ்சினின் சக்தி கூடாது. எஞ்சின் சுழற்ற வேண்டிய சுமைதான் குறையும். அந்தப் பலன் முதல் கியரில் நிறையத் தெரியும், மேல் கியர்களில் குறைந்துகொண்டே போகும். ஐந்தாவதில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. கியரைக் குறைக்கும்போது ஒரு சின்ன மிதியில் சுற்று ஏறுவது மட்டும் உண்மையிலேயே சுகம்.

அதற்கு விலை உண்டு. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது எஞ்சின் அணைந்துவிடப் பார்க்கும், நியூட்ரலில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு சலசலப்பு வரும். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு நான் பழையதை அரைத்துப் போடவே சொல்வேன். வாங்குவதென்றால் வார்ப்பிரும்பைச் சீவி எடை குறைத்ததை வாங்க வேண்டாம். ஸ்டீல், அல்லது உரசும் முகத்தில் ஸ்டீல் பதித்த அலுமினியம் என்று பார்த்து வாங்குங்கள்.

"என் சித்தப்பா பிஎம்டபிள்யூவுக்கு ஃப்ளைவீலை அரைக்கவே கூடாதுன்னுட்டாங்க. இதுக்கு மட்டும் எப்படி?"

அவருடையது இரட்டை ஃப்ளைவீலாக இருக்கும். இரண்டு தட்டுகள், நடுவில் ஸ்பிரிங்குகள். எஞ்சினின் அதிர்வை அந்த ஸ்பிரிங்குகளே வாங்கிக்கொள்ளும். உள்ளே தேய்ந்தால் முகத்தை அரைத்து ஒரு பலனும் இல்லை, புதிதுதான். எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் இருப்பது ஒரே வார்ப்பான ஃப்ளைவீல். அதிர்வை வாங்கும் ஸ்பிரிங்குகள் இதில் கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கின்றன. அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிய பிளேட்டில் ஆட்டிப் பாருங்கள், தளர்ந்து கடகடக்கும்.

"ஃப்ளைவீல் போல்ட்டைத் திருப்பினா எஞ்சினே சேர்ந்து சுத்துது. முன்பக்க புல்லி போல்ட்டைப் பிடிச்சுக்கலாமா?"

கூடவே கூடாது. தொடக்க காலத்து 1.6 எஞ்சின்களில், அதாவது 1991 வாக்கில் மாற்றியமைக்கும் வரை வந்தவற்றில், கிராங்க்கின் முன்மூக்கு குட்டையானது. அங்கே புல்லியைக் கிராங்க்கோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டான சாவியும், அது உட்காரும் சாவித்தடமும் தளர்ந்து எஞ்சினே பாழான வண்டிகள் உண்டு. பழைய எம்எக்ஸ்-5 வாங்குபவர்கள் முதலில் விசாரிப்பதே அதைத்தான். அந்த போல்ட்டில் தேவையில்லாமல் பலம் கொடுக்காதீர்கள். ஃப்ளைவீலின் பல்லில் மாட்டிப் பூட்டும் சின்னக் கருவி கிடைக்கும், அதை வாங்குங்கள்.

மாட்டும்போது ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், 96 முதல் 103 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். பழைய போல்ட்டையே போடுவதென்றால் பழைய பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு மரையில் சீலன்ட் தடவுங்கள். அந்தத் துளை வழியாக எஞ்சின் ஆயில் கசிந்து வரும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்கு 18 முதல் 26 போதும்.

"பின்பக்க ஆயில் சீல் ஒழுகலை. அதையும் மாத்தணுமா?"

ஒழுகாததைத் தொடாதே என்று சொல்லும் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பது வருடம் சூட்டில் கிடந்த ரப்பர் விரலால் அமுக்கினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். புதிய பிளேட்டில் எஞ்சின் ஆயில் பட்டால் அந்தப் பிளேட் அவ்வளவுதான். ஆனால் எடுக்கும்போது கிராங்க்கில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. புதியதைச் சுற்றிலும் சமமாகத் தட்டி, விளிம்போடு விளிம்பாக நிறுத்துங்கள்.

ஈரம் ஏற்கெனவே இருந்தால் எந்த ஆயில் என்று முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர்பாக்ஸ் ஆயில். அப்போது மாற்ற வேண்டியது கியர்பாக்ஸின் முன்பக்க சீல்.

"கியர்பாக்ஸ்லேர்ந்து பின்னாடி டிஃபரன்ஷியல் வரைக்கும் ஒரு நீளச் சட்டம் போகுதே, அது என்ன?"

கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரே முதுகெலும்பு மாதிரி இணைக்கும் அலுமினியச் சட்டம். கியர்பாக்ஸுக்குக் கீழே வேறு தாங்கி கிடையாது, அதைத் தாங்குவதே இந்தச் சட்டம்தான். எடுக்கும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்துவிடுங்கள். எடுத்ததும் வால் பக்கம் இறங்கும், எஞ்சின் பின்னால் சாயும். சிலிண்டர் தலையின் பின்முனையில் இருக்கும் கேம் சென்சார், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் இடிக்காமல் ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாய்ந்த அந்த நிலையில்தான் கியர்பாக்ஸின் மேல் போல்ட்டுகளை, நீண்ட எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்துப் பின்னாலிருந்து எட்ட முடியும்.

திரும்ப மாட்டும்போது, கழற்றும் முன் சட்டத்தில் போட்ட கோட்டுக் குறிக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். கியர்பாக்ஸ் தொங்கிய நிலையில் இறுக்கினால் 100 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு வரும். கியர்பாக்ஸின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நான்கு போல்ட்டுக்கும் இதேபோல் முன்பே குறி போட்டுவிடுங்கள்.

"எல்லாம் மாட்டியாச்சு. பெடலை மிதிச்சாலும் கியர் விழலை. என்ன தப்பு பண்ணேன்?"

பதற வேண்டாம். முதலில் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறதா என்று பார்த்து பிளீட் செய்யுங்கள், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுங்கள். கிளட்ச் நன்றாகத் தேய்ந்திருந்த காலத்தில் தாக்குப்பிடித்த ஸ்லேவ் சிலிண்டர், இப்போது பிஸ்டன் நிற்கும் இடம் மாறியதும் ஒழுகத் தொடங்கலாம். மூன்றாவது கேள்வியில் சொன்ன ரப்பர் உறைச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள்.

அதில் குறையில்லை என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், மறுபடி இறக்க வேண்டியிருக்கும். பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம். ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்க வேண்டும், ஃப்ளைவீலைப் பார்த்து அல்ல. அல்லது மாட்டும்போது கியர்பாக்ஸின் பாரத்தை ஒரு கணம் பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டிருப்பீர்கள், பிளேட் வளைந்திருக்கும். இந்த இரண்டாவது தவறு கண்ணுக்கே தெரியாது. கியர்பாக்ஸ் கடைசி இரண்டு சென்டிமீட்டர் போகவில்லை என்று போல்ட்டை இறுக்கி இழுப்பவர்களுக்குத்தான் இது நடக்கிறது. சரியான கோணத்தில் பிடித்தால் கையாலேயே உள்ளே போய்ச் சேரும். போகவில்லையா, வெளியே இழுத்துப் பிளேட்டை மறுபடி நடுவில் நிறுத்துங்கள்.

"வண்டி ரெண்டு வருஷமா ஷெட்லயே நின்னுச்சு. இப்ப கிளட்ச் விடவே மாட்டேங்குது."

கழற்றாமலேயே சரியாகக்கூடிய ஒன்று இது. ஈரக்காற்றில் ஃப்ளைவீலில் துரு பிடித்து, பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, ஆளில்லாத திறந்த இடத்தில் முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்; வண்டி உடனே நகரும், தயாராக இருங்கள். பெடலை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரை அமுக்கி அமுக்கி விட்டால் பல நேரங்களில் 'டக்' என்று பிரிந்துவிடும். ஸ்டாண்டில் தூக்கி வைத்து இதைச் செய்யவே கூடாது.

பிரிந்த பிறகு சில நாள் நடுக்கம் இருக்கும், துரு உரசிப் போனதும் அடங்கும். அடங்காவிட்டால் ஃப்ளைவீல் முகத்தில் துரு குழி பறித்திருக்கிறது. எட்டாவது கேள்விக்குத் திரும்புங்கள்.

"புது கிளட்ச் போட்டு எத்தனை கிலோமீட்டர் பார்த்து ஓட்டணும்?"

800 கிலோமீட்டர். நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் இதற்கு உதவாது, ஏனென்றால் அங்கே கிளட்ச் உரசுவதே இல்லை. ஊருக்குள் நின்று நின்று போங்கள், மெதுவாக விடுங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் லேசான புதுவாடை வரும், அது லைனிங் சூடேறிப் படிவது. பெடல் பிடிக்கும் இடமும் முன்பைவிட மாறியிருக்கும். என் காலுக்கு அது பழக ஒரு வாரம் பிடித்தது.